கோளம் பொருந்தாத வெள்ளிக்கிழமை

டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு தகட்டு வேலைத்தலத்தில் நான் வரைபடக்காரன். அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே ஃபோர்மன் ஹென்ரிக் கத்தத் தொடங்கிவிட்டார்.

பள்ளிக்கூட முற்றமொன்றில் வைப்பதற்கு இரண்டு மீற்றர் விட்டமுள்ள உருக்குக் கோளம். மேல்பாதிக்குப் பூவிதழ்போல் மேலே ஒடுங்கும் பன்னிரண்டு தகடுகள், உச்சியில் வட்ட மூடி. வெட்டி வளைத்த இதழ்களைக் கீழிருந்து பொட்டுப் பொட்டாக வெல்டிங் போட்டு நிறுத்தியாயிற்று. ஆனால் மேலே போகப் போக இதழ்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடையில் நீக்கல்.

"சூட்டைக் கூட்டிப்போட்டாய். தகடு இழுத்திட்டுது," என்று வெல்டர் ஜெராட் அண்ணைமேல் டேனிஷில் பாய்ந்தார். மன்னாரைச் சேர்ந்த அண்ணைக்கு அன்றோடு மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாவதும் போவதும் ஹென்ரிக்கின் கையில்.

என் பக்கம் திரும்பி, "படம் சரிதானே?" என்றார்.

"சரி," என்றேன். பார்க்காமலே சொன்னேன்.

அவர் போனதும் அண்ணை மெல்லக் கதைத்தார். "தம்பி, சூடு இழுத்தா ஒரு நீக்கல் பெரிசா, ஒண்டு சின்னனா வரும். இது பன்னிரண்டும் ஒரே ரெண்டு மில்லிமீற்றர். அளவை ஒருக்காப் பாரும்."

"ஓம் அண்ணை, பாக்கிறன்."

எட்டு மணிக்குக் கண்டுபிடித்தேன். கோளத்தை எந்தப் பக்கத்தால் வரைந்தாலும் வட்டம்தான். முன்பக்கத் தோற்றத்தில் குறுக்குக் கோடுகள் உச்சிக்குப் போகப் போக நெருங்கும். அந்த இடைவெளியை, தகட்டில் வெட்டுவதற்காக இதழைத் தட்டையாக விரித்து வரையும் விரிப்புக்கு எடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் விளிம்பு வட்டத்தையே சம பிரிவுகளாகப் பிரித்தேன். ஆனால் புள்ளிக்குப் புள்ளி நேர்கோட்டில் அளந்துவிட்டேன், மடையன்! தகடு வளைந்தல்லவா போகிறது? வட்டத்தின் வளைந்த துண்டான வில்லின் நீளத்தை எடுத்திருக்க வேண்டும். ஒரு பிரிவில் முக்கால் மில்லிமீற்றர் குறைவு. ஐந்து பிரிவு சேர, இதழ் கிட்டத்தட்ட நாலு மில்லிமீற்றர் கட்டையாகிவிட்டது. அதனால் நுனிகள் மூடியின் விளிம்புவரை எட்டவில்லை, பக்கங்களும் கூடவில்லை.

உடனே எழுந்து போயிருக்கலாம். என்னுடைய வேலையும் அப்போது நிரந்தரமில்லை. வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினொரு மணிக்கு ஹென்ரிக் அண்ணையைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் வேலைநீக்கக் கடிதம் இருந்தது. அதற்குமேல் இருக்க முடியவில்லை. கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

"படம்தான் பிழை. நான் விட்ட பிழை."

"காலையில சரி எண்டாயே?"

"பாக்காமச் சொன்னன்."

ஹென்ரிக் கடிதத்தை மேசை இலாச்சிக்குள் போட்டார். "திங்கள் புதுத் தகடு வெட்டுவம். இவர்தான் ஒட்டுவார். உன்னோட நான் பிறகு கதைக்கிறன்."

வெளியே வந்ததும் அண்ணை கேட்டார்: "எத்தினை மணிக்குக் கண்டனீர்?"

"எட்டுக்கு."

"நீர் வந்து ஒண்டும் சொல்லேல்லை எண்டு ஒன்பதுக்கு மனுசிக்குப் போன் எடுத்து, வேலை போச்சுது எண்டு சொல்லிப்போட்டன். அவ அழுதவ, தம்பி."

அண்ணையின் வேலையும் என் வேலையும் தப்பின. கோளமும் அடுத்த கிழமை அழகாகப் பொருந்தியது. இளம் வரைபடக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வில்லை வில்லாகவே அளந்தெடுங்கள். பிழை கண்டால் எட்டு மணிக்கே சொல்லுங்கள்; ஒன்பது மணிக்கு யாரோ ஒருவர் வீட்டுக்குப் போன் எடுப்பார்.