சித்தப்பாவின் கோட்டுக்கு வைத்த மஞ்சள்

என் சித்தப்பாவைப் படைத்த அன்று கடவுளிடம் அளவு நாடா இல்லை போலிருக்கிறது. சிறுவயதிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் இரும்பு ராடு தூக்கியதில் வலது தோள் மட்டும் புடைத்து, இடது தோளைவிட இரண்டு விரல்கடை உயர்ந்து நின்றது. வயிறு, சித்தியின் சமையலுக்குக் கிடைத்த நற்சான்றிதழ். கால்களோ, இவ்வளவையும் எங்களால் சுமக்க முடியாது என்று பாதியிலேயே வளர்வதை நிறுத்திக்கொண்டவை. வெள்ளை வேட்டியும் சட்டையும்தான் இதையெல்லாம் மூடி மறைத்து, திருச்செங்கோட்டில் அவரைப் பெரிய மனிதராக நடமாட வைத்திருந்தன.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அந்த வேட்டிக்கு ஆபத்து வந்தது. ஆப்பிரிக்காவில் போர்வெல் போட ரிக் வண்டியும் ஆட்களும் வேண்டும் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கேட்டிருந்தது. பேச்சு முடிந்தால் சித்தப்பா இரண்டு வண்டிகளைக் கப்பலேற்றிவிட்டு, தானும் போய் இரண்டு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். கம்பெனிக்காரர் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலுக்கு வருவதாக ஏற்பாடு. "கோட்டு சூட்டு இல்லாம அந்த வாசப்படிய மிதிச்சறாதீங்க" என்று தரகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு இந்தக் காரியம் நடந்தே ஆக வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து என் உயரத்துக்கு ஒரு மர ஒட்டகச்சிவிங்கி கொண்டுவருவதாகச் சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். நான் அதை வகுப்பு முழுக்கச் சொல்லியும் விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா, சித்தி, நான் மூவரும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த ஒரு பெரிய கடைக்குப் போனோம். வயிற்றுக்குப் பொத்தான் போட முடிந்த கோட்டு, தோளில் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. தோளுக்குச் சரியான கோட்டோ வயிற்றுக்கு முன்னால் வந்து, இதற்குமேல் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடைத்தது. அது முழங்கால்வரை இறங்கியது. கடைக்காரர் சளைக்காமல், "இதுதான் சார் இப்ப ஃபேஷன்" என்றார். சித்தப்பா கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, "கோட்டுக்குள்ள நான் இருக்கறனா இல்லையான்னே தெரியலீங்களே" என்றார்.

மூன்று கடை ஏறி இறங்கினோம். சித்தி கோட்டு போட்ட ஆட்களைக் கல்யாண மேடையில் மட்டுமே பார்த்தவர். ஆனால் அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தப்பிய சுருக்கம் ஒன்றுகூட இல்லை. "ஏனுங்க, முதுகுல மடிப்பு உழுவுது பாருங்க." "கை ஒண்ணு நீட்டமா இருக்குதுங்க." குறையே இல்லாத ஒரு கோட்டு அகப்பட்டபோது, "இந்த நெறம் உங்களுக்கு ஆவாதுங்க" என்றார். சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என்னிடம் குனிந்து, "உங்க சித்திக்கு நான் ராசாவாட்டம் இருக்கோணும் சாமி" என்றார். எனக்கோ சித்தியின் மேல் எரிச்சலாக வந்தது. ஒட்டகச்சிவிங்கி கடைக்குக் கடை என்னைவிட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் சங்ககிரியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைக்கும் ஒரு டெய்லரைப் பிடித்தோம். அவர் சித்தப்பாவைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "எத்தனை வக்கீலுக்குத் தெச்சிருக்கறனுங்க. எனக்கு வயிறு புதுசில்லீங்க" என்றார். ஆனால் நாடாவை வயிற்றுக்குக் கொண்டுபோனதும் சித்தப்பா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். வயிறு போன இடம் தெரியவில்லை. டெய்லர் நாடாவைத் தளர்த்திவிட்டு, சாவகாசமாக, "நம்ம பக்கம் எத்தனை அடியில தண்ணி வருதுங்க?" என்று கேட்டார். சித்தப்பாவிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. அவர் ஆயிரம் அடி, பாறை, ராடு மாட்டிக்கொண்ட கதை என்று கையை ஆட்டிப் பேச ஆரம்பிக்க, வயிறு தன் சொந்த இடத்துக்குத் திரும்பி வந்தது. டெய்லர் சத்தமில்லாமல் அளந்து குறித்துக்கொண்டார்.

பத்து நாளில் வெளிர் சாம்பல் நிறத்தில் கோட்டு வந்தது. தாழ்ந்த தோளுக்கு உள்ளே பஞ்சு வைத்து இரண்டையும் மட்டமாக்கியிருந்தார். கால்கள்கூட நீளமாகத் தெரிந்தன. சித்தப்பா கூடத்தில் அப்படியும் இப்படியும் நடந்து காட்டினார். சித்தி அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனந்தக் கண்ணீர் என்று நான் நினைத்தேன்.

பெங்களூர் புறப்படும் காலையில் கோட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் உடுத்தும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. சட்டையென்றால் காலருக்கு உள்ளே, சேலையென்றால் முந்தானை ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பொட்டு. சித்தி மூன்று விரலைத் தோய்த்து, கோட்டின் இடது மார்பில், நட்டநடுவில் இழுத்தார்.

சித்தப்பா பதறிப்போனார். "என்னம்மா இது?"

"மஞ்ச வெக்காம எப்புடிங்க உடறது? தூரமாப் போற காரியமுங்க."

மங்கல காரியத்துக்காகக் கோபித்துக்கொள்ள முடியாமல் சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். காரியத்தை நான் கையிலெடுத்தேன். கோட்டைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மார்பில் குத்துப்பட்ட மாதிரி மூன்று சிவப்புக் கோடுகளோடு கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

சித்தியின் முகம் மலர்ந்தது. "சகுனம் சரியில்லீங்க. இன்னொரு நாளைக்குப் போயிக்கலாமுங்களே."

"நீ சும்மா இரு. குங்குமம் வெச்சாப்புல இருக்குது" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா ஒரு பெரிய வெள்ளைக் கைக்குட்டையை மேல்பையில் செருகி, சிவப்பு மறையும்வரை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

பெங்களூரில் பேச்சு நல்லபடியாக முடிந்துவிட்டது. கம்பெனிக்காரர் பூப்போட்ட அரைக்கைச் சட்டையும் செருப்புமாக வந்திருந்தாராம். சித்தப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். சித்தி மட்டும் அடுப்பில் பால் பொங்குவதாக எழுந்து போனார்.

அடுத்த மாதம் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனோம். சித்தப்பா அதே கோட்டில் இருந்தார். சலவைக்குக் கொடுத்தும் மார்பில் கறை லேசாகத் தெரிந்தது. உள்ளே போக வேண்டிய நேரம் வந்ததும் சித்தி அவருடைய வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, இந்த எடத்துல கொஞ்சம் தூக்குதுங்க. செத்த இருங்க" என்று துணியை நீவிவிட்டார். நீவிய இடத்தையே திரும்பத் திரும்ப நீவினார். சித்தப்பாவும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அசையாமல் தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்தக் கோட்டைத் திரும்பவும் குறை சொல்லி, வாசல்வரை வந்த காரியத்தைக் கெடுத்துவிடுவாரோ என்று பயம். "அதெல்லாம் எங்கியும் தூக்கல சித்தி. கச்சிதமா இருக்குது. உடுங்க" என்றேன்.

சித்தி என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா சாமி, கச்சிதமாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

சித்தப்பா உள்ளே போனார். இரண்டு தோளும் மட்டமாக, பின்னாலிருந்து பார்க்க யாரோ மாதிரி இருந்தார். சித்தி குறை சொன்ன கோட்டைப் பொருத்தமானது என்று அடித்துச் சொல்லி முடித்துவைத்தவள் நான்தான் என்று, வீடு திரும்பும்வரை எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.