ஈயத்தாள் பிரியாத போத்தல்

எங்கள் வீட்டில் சாமிப்படத் தட்டுக்குக் கீழே எட்டு வருடமாக ஒரு வைன் போத்தல் இருந்தது. கழுத்தில் சுற்றிய ஈயத்தாள் பிரியவில்லை. குடிக்காத வீட்டில் அது என்னத்துக்கு என்று கேட்டவர்களுக்கு, "நல்லெண்ணெய் வார்க்க வைச்சிருக்கிறன்" என்று அம்மா சொல்லுவா. அது பொய். அந்தப் போத்தலைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் படித்தேன்.

என் தகப்பன், நாங்கள் அப்பு என்று கூப்பிடுகிறவர், குளக்கட்டுக்குக் கீழே இருந்த இஞ்சினியர் பங்களாவில் காவலும் சமையலும் பார்த்தவர். வளவுக்குள்ளேயே எங்களுக்கு ஓர் அறை இருந்தது. நாட்டை விட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர் அந்த இஞ்சினியருக்குப் பன்னிரண்டு போத்தல் வெள்ளை வைன் கொடுத்திருந்தார். பிரான்சிலிருந்து வந்தது. "பத்து வருஷம் வைச்சுக் குடிக்கவேணும். வைக்க வைக்கத்தான் ருசி" என்று வருகிறவர்களிடமெல்லாம் இஞ்சினியர் சொல்லுவார். அவர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக, முன்னறைக் கண்ணாடி அலுமாரியில் போத்தல்களை நிமிர்த்தி அடுக்கியிருந்தார். மேலே தகரக் கூரை. பின்னேர வெயில் நேரே அலுமாரியில் விழும்.

அப்பு ஒருநாள் கேட்டார்: "ஐயா, தண்ணிப்பானைக்குக் கீழ ஈர மணல் கிடக்கு. அதுக்குள்ள சரிச்சுத் தாட்டு வைப்பமோ? இஞ்ச சரியான வெக்கை."

"லேபல் பழுதாப்போம். உனக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்? நீ போய்க் கறியைப் பார்."

மூன்றாம் வருடம் கொழும்பிலிருந்து மேலதிகாரிகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பத்து வருடம் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. மூன்று போத்தல்களைத் திறந்தார். முதலாவது இளம் வைக்கோல் நிறத்தில் வந்தது, எல்லோரும் புகழ்ந்தார்கள். இரண்டாவது பால் விடாத தேத்தண்ணி நிறம். மூன்றாவதும் அப்படியே. மேலதிகாரி கிளாசை மூக்கருகில் கொண்டுபோய்விட்டு மெல்லத் தள்ளிவைத்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு யாராவது பழி சுமக்க வேண்டியிருந்தது.

அப்பு பொரித்த மீனோடு மேசையருகில் நின்றார். நான் குசினி வாசலில் நின்றேன். எனக்குப் பதினொரு வயது.

"டேய், குடிச்சுப்போட்டுத் தேத்தண்ணி விட்டு நிரப்பினனியோ?"

"ஐயா, நான் தொட்டும் பாக்கேல்லை."

"அப்ப ஒண்டு மட்டும் எப்பிடி நல்லா இருக்கு? அதுக்கு உனக்கு நேரம் கிடைக்கேல்லையாக்கும். கள்ளன்!"

மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பு மீன் தட்டை ஒழுங்காக மேசையில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

அந்தக் கிழமையே வளவை விட்டு எங்களை வெளியேறச் சொன்னார்கள். மற்றப் போத்தல்களையும் திறந்து பார்க்காமலே குப்பைக் கிடங்கில் எறியும் வேலையையும் அப்புவுக்கே கொடுத்தார் இஞ்சினியர். அவற்றில் ஒன்றை, வடிவான போத்தல் என்று அம்மா எடுத்துவந்தா. அக்கராயன் குடியேற்றக் கிராமத்தில் கொட்டில் போட்டு இருந்த பிறகு அதைத் திறக்கப் போனா. அப்பு கையைப் பிடித்தார்.

"வேண்டாம். திறந்தமெண்டால் அவன் சொன்னது உண்மையாப்போம்."

எங்களுக்கு முன்பே கதை அக்கராயனுக்கு வந்துவிட்டது. அப்பு வயலுக்குப் போகும்போது, "என்ன வைன்காரர், இண்டைக்குத் தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று கேட்பார்கள். கிணற்றடியில் என் காதில் விழும்படி அதையே பெண்களும் சொல்லுவார்கள். அப்பு மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நடப்பார். நான் ஒவ்வொரு முகத்தையும் நினைவில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஒரு முகத்தை வைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். சோதனையில் வென்று கிடைத்த உபகாரச் சம்பளத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்தேன். ஒருநாள் இரசாயன வகுப்பில் ஆசிரியை கேட்டா: "கத்தரிக்காயை வெட்டின உடன ஏன் தண்ணிக்குள்ள போடுறியள்?"

"கறுத்துப்போம், ரீச்சர்."

"ஏன் கறுக்குது?"

காற்றுப் படுவதால் என்று அவவே சொன்னா. அந்த இடத்திலேயே எனக்குப் போத்தல் கண்முன் வந்தது. நூலகத்தில் இருந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் வைன் பற்றிய பக்கங்களை அகராதியோடு இருந்து வாசித்தேன். போத்தலைச் சரித்து வைக்கவேண்டும். நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து காற்று உள்ளே போகும். வெக்கை அதை விரைவாக்கும். வெள்ளை வைன் வயதாகும் முன்பே பழுப்பாகிக் கெட்டுவிடும். தக்கைகள் எல்லாம் ஒரேமாதிரி இல்லாததால், ஒரே பெட்டியில் வந்தவற்றில் ஒன்று நல்லாயிருக்க மற்றது கெடும். அப்பு சொன்ன ஈர மணல் சரி. இஞ்சினியரின் கண்ணாடி அலுமாரி பிழை.

இன்னொன்றும் படித்தேன். அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்த தண்ணீரைத் தேத்தண்ணியில் விட்டால் அது மை போலக் கறுக்கும்.

ஆனால் வீட்டுப் போத்தலை நான் திறந்து பார்க்கவில்லை. ஈயத்தாளைப் பிரித்துவிட்டால் பிறகு என்ன சாட்சி?

எனக்குப் பத்தொன்பது வயதானபோது, ஓய்வு பெறும் அதே குளத்து இஞ்சினியருக்கு அக்கராயன் குடியேற்றத்தார் பிரியாவிடை வைத்தார்கள். வாழ்த்துரை எழுதி வாசிக்க ஊரில் படித்த பெண் நான்தான் என்று சங்கத் தலைவர் வந்து கேட்டார். அப்பு என்னைப் பார்த்தார். "ஓம், வாசிக்கிறன்" என்றேன்.

பந்தலில் அவருக்கு மாலை போட்டுக் குடையும் பரிசளித்த பிறகு, வாசிக்கும் முன்பு நான் போத்தலை நீட்டினேன். லேபலைப் பூச்சி அரித்திருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"எனக்கு வைனோ! எங்கை பிள்ளை எடுத்தனீ?"

"ஐயாவுக்கெண்டே வைச்சிருந்தது. ஆரும் திறந்திருக்கினமோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஒருத்தரும் தொடேல்லை. ஈயம் வெட்டினால் திரும்ப ஒட்டேலாது." சட்டைப்பைக் கத்தியால் தானே ஈயத்தாளை வெட்டி, அதிலேயே இருந்த திருகாணியால் தக்கையை இழுத்து, தானே கிளாசில் வார்த்தார். தேத்தண்ணி நிறம்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"ஐயா எறியச் சொன்ன போத்தல்" என்றேன். "உங்கடை பங்களாவில சமைச்சவரின்ரை மகள் நான். அப்பு குடிச்சுப்போட்டுத் தேத்தண்ணி விட்டதெண்டு சொன்னனீங்கள்."

போத்தலிலிருந்து இரண்டு கிளாஸ் வார்த்தேன். ஒன்றில் மட்டும் வெறுந்தேத்தண்ணி கொஞ்சம் கலந்தேன். மருந்துக்கடையில் வாங்கிய அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்து, "தேத்தண்ணி இருந்தால்தான் இது கறுக்கும்" என்று எல்லோருக்கும் சொன்னேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இரண்டும் கறுத்தால், என் அப்புவை ஊருக்கு முன்னால் இரண்டாந்தரம் கள்ளனாக்கியது நானாக இருப்பேன். பின்வரிசையில் அப்பு அசையாமல் நின்றார். இரண்டு கிளாசிலும் விட்டேன்.

தேத்தண்ணி கலந்தது கன்னங்கரேல் என்று கறுத்தது. மற்றது அப்படியே நின்றது.

இஞ்சினியர் என் பக்கம் குனிந்து, ஆங்கிலத்தில், தான் தவறாக நினைத்துவிட்டதாகச் சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் தலைவர். "தமிழிலை சொல்லு."

"நான் சொல்லமாட்டன். கள்ளன் எண்டு தமிழிலைதானே சொன்னவர். இதையும் அவரே தமிழிலை சொல்லட்டும்."

அவர் குடை, மாலை, மேசை எல்லாவற்றையும் பார்த்தார். நான் வழிவிடவில்லை.

"அந்தாள் களவெடுக்கேல்லை" என்றார் கடைசியில். "நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை, ஐயா."

இன்னொருதரம் சொன்னார், உரக்க.

அப்பு முன்னால் வந்தார். போத்தலில் மிச்சமிருந்ததை ஒரு கிளாசில் வார்த்து, மணந்து, ஒரு மிடறு வாயில் விட்டார். பந்தலுக்கு வெளியே போய்த் துப்பினார்.

"சீ! இதைக் களவெடுத்துக் குடிக்க எனக்கென்ன விசர் பிடிச்சிருக்கே?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. அப்புவை வைன்காரர் என்றவர்களும் சிரித்தார்கள். இந்தமுறை சிரிப்பு யாரைச் சுற்றி விழுந்தது என்று நான் நன்றாகப் பார்த்தேன்.

இஞ்சினியர் எழும்பிப் போகப் பார்த்தார். "இருங்கோ ஐயா, வாழ்த்துரை இருக்கு" என்றேன். தலைவர் கேட்டபடியே அதை எழுதியிருந்தேன்: அவருடைய நேர்மை, நிதானம், ஏழைகளிடம் காட்டிய நீதி. மாலையோடு அவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். ஒரு வரியும் விடாமல், அவசரமில்லாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தேன்.