சுக்குக் குடோனில் சிறைக் காட்சி

அந்த ஜெர்மன் ஓபராவின் புதிய ஒலிப்பதிவைப் பற்றி மூன்று பத்திரிகைகளில் எழுதிவிட்டார்கள். பாடினவர்களைப் பற்றி எழுதினார்கள், இசையை நடத்தின வெள்ளைக்காரரைப் பற்றி எழுதினார்கள், மட்டாஞ்சேரிக் குடோன் சுவரின் எதிரொலியைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதினார்கள். சுவருக்குக்கூடப் பாராட்டு வந்துவிட்டது. மாயம்மாளின் பெயர் எங்கேயும் இல்லை. இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, ஆனாலும் வயிறு எரிகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ராமபத்ரன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுதீர் சேட்டனுடைய சுக்குக் குடோனில் இருபத்தாறு வருஷமாக மேனேஜர். பெயர்தான் மேனேஜர், சாவி வைத்திருப்பவன் என்றால் இன்னும் சரியாக இருக்கும். மூன்று தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. குடோனில் எல்லோரும் என்னை சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாயம்மாள் ஆண்டிப்பட்டிக்காரி. இருபத்துமூன்று வயதில் புருஷன் வாஞ்சிநாதனோடு இங்கே வந்தாள். அவன் கட்டட வேலைக்குப் போனான், இவள் எங்கள் பின்முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்தாள். இப்போது நாற்பத்திரண்டு வயது. ஒரு சுக்கை ஒடித்து, ஒடிகிற சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை வெயில் வேண்டும் என்று சொல்லிவிடுவாள். ஏற்றுமதிக்காரர்கள் ஈரம் பார்க்கிற கருவியோடு வருவார்கள், கடைசியில் கருவியும் இவள் சொன்னதையே சொல்லும். வாயும் லேசுப்பட்டதில்லை. மூட்டைக்குள் கல்லைக் கலந்து அனுப்பிய ஒரு வியாபாரியிடம், "அண்ணே, கல்லையும் நல்லா காயவெச்சு அனுப்பியிருக்கீங்க, தங்கமான மனசு" என்றாள். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் வாசல் பக்கம் வரவே இல்லை.

பின்முற்றத்தில் மொத்தம் பதினோரு பெண்கள். கழிப்பறை ஒன்றே ஒன்று, அதுவும் தெருவாசலை ஒட்டி. முன்கூடத்துக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் ஒரு நடை உண்டு, அது வழியாகத்தான் போக வேண்டும். பின்னால் காயல் தண்ணீர், வேறு வழி இல்லை. பின்பக்கம் ஒரு கழிப்பறை கட்டித் தரச் சொல்லி அவர்கள் கேட்காத வருஷம் இல்லை. சுதீர் சேட்டன் "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று முதலாளி சொன்னால் அது பார்க்காமலே போகிற காரியம் என்று எல்லோருக்கும் தெரியும்.

முன்கூடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒலிப்பதிவு ஸ்டூடியோ வந்தது. நடத்துகிறவன் ஷங்கர், அவனும் பாலக்காட்டுத் தமிழ்க்காரன்தான். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட இடமில்லை என்ற அதே கட்டடத்தில், ஏசிக்கும் கண்ணாடி அறைக்கும் இடம் தாராளமாகக் கிடைத்தது. போன வருஷம் அங்கேதான் அந்த ஓபரா வந்து சேர்ந்தது. ஓபரா என்றால் முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகம். மற்றப் பகுதிகளையெல்லாம் ஜெர்மனியிலேயே பதிவு செய்துவிட்டார்களாம். சிறைக் காட்சிக்கு மட்டும் பழைய, கனத்த சுவர் வேண்டுமாம். இருபத்துநாலு ஆண்கள் விமானம் ஏறி வந்தார்கள். ஐந்து நாள் வேலை.

நடையின் தரை மரப்பலகை, கால் வைத்தால் முனகும். அதனால் ஸ்டூடியோ வாசலில் சிவப்பு பல்பு எரிகிற நேரமெல்லாம் யாரும் நடக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பெண்கள் மறந்து வந்துவிடுவார்களாம், ஆகவே பின்முற்றத்துக் கதவைப் பூட்டச் சொன்னார்கள். பூட்டினவன் நான். கதவை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டுச் சாவியோடு உட்கார்ந்தேன். முதல் நாள் அரை மணி அரை மணியாகப் பூட்டினோம். மூன்றாம் நாள் ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம். யாரும் சொல்லாமலே பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மார்ச் மாத வெயிலில், சுக்குத் தூசிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு.

மாயம்மாளுக்கு அதற்கு முந்தின மாதம்தான் மூத்திரக்கடுப்பு வந்து, காய்ச்சலோடு நாலு நாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தாள். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"சாமி, அடக்கி வெக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா பறஞ்சிருக்காங்க. நான் தட்டுனா தொறந்துருங்க. சத்தமில்லாம போயிட்டு வந்துருவேன்."

"நீ தட்டு மாயம்மா. நான் அங்கதானே இருக்கேன், தொறக்கறேன்" என்றேன்.

ஷங்கரிடமும் சொன்னேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "ஸ்வாமி, நடுவுல ஒரு சத்தம் வந்தா இருபத்துநாலு பேரும் முதல்லேர்ந்து பாடணும். அஞ்சே அஞ்சு நாள். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்கோ."

இந்த அட்ஜஸ்ட் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவனைத்தான் முதலில் பூட்டி வைக்க வேண்டும். அது எப்போதும் முறம் பிடித்தவளிடம்தான் சொல்லப்படுகிறது, பாடுகிறவனிடம் யாரும் சொல்வதில்லை.

நாலாம் நாள் பத்து மணிக்குக் கதவைப் பூட்டினேன். பதினொன்றுக்கு இடைவேளை என்றார்கள். பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று, பல்பு அணையவில்லை. உள்ளே அத்தனை ஆண்களும் மிக மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது கதவில் விரல் நுனியால் இரண்டு தட்டு. என் கை சாவிக்குப் போயிற்று. கண் பல்புக்குப் போயிற்று. பிறகு உள்ளங்கையால் தட்டினாள். அதன்பின் முஷ்டியால் நாலு குத்து, கதவு அதிர்ந்தது. "சாமி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. ஷங்கர் என்ன சொல்வான், சுதீர் சேட்டன் என்ன சொல்வார், இருபத்துநாலு வெள்ளைக்காரர்கள் வெளியே வந்து என்னைப் பார்ப்பார்களே என்றெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளைப் பற்றி மட்டும் நினைக்கவில்லை.

பன்னிரண்டே காலுக்குப் பல்பு அணைந்தது. திறந்தேன். மாயம்மாள் முறத்தைப் புடவைக்கு முன்னால் பிடித்தபடி நின்றாள். அவள் காலடியில் தரை நனைந்திருந்தது. மற்றப் பெண்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தட்டுனேனே சாமி, கேக்கலையா?"

"கேக்கலை மாயம்மா. உள்ள அத்தனை பேர் பாடறா, ஒண்ணுமே கேக்கலை."

"அதான பாத்தேன்" என்றாள். "கேட்டிருந்தா தொறந்திருப்பீங்க."

அன்று சாயங்காலம் பாண்டிச்செல்வி என்ற சின்ன வயசுக்காரி ஷங்கரை மறித்துக்கொண்டு, அப்படி என்னத்தைத்தான் பாடுகிறார்கள் என்று கேட்டாள். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஜெயில்ல இருட்டுல அடைச்சு வெச்சவாளைக் கொஞ்ச நேரம் முற்றத்துக்குத் தொறந்து விடறா. காத்தும் வெளிச்சமும் கண்டு அவா பாடறா. ஸ்வாதந்திரியத்தோட பாட்டாக்கும் அது."

மாயம்மாள் கேட்டுக்கொண்டே வந்தாள். "தொறந்து விட்டது யாரு சேட்டா?"

"ஜெயில் காவல்காரன்தான். ஒருத்தி வந்து கேக்கறா, மனசு இரங்கி விட்டுடறான்."

"ஜெயில்காரனுக்கு இருக்குற புத்தி உங்க ஸ்டூடியோவுக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஷங்கர் சிரித்துச் சமாளித்தான். நானும் அவனோடு சேர்ந்து தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் பதினோரு பெண்களும் முறத்தையும் சல்லடையையும் எடுத்துக்கொண்டு போய்த் தெருவாசலில், கழிப்பறைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். "இனி இங்கதான் வேல. கதவ நல்லாப் பூட்டிக்குங்க" என்றாள் மாயம்மாள். பதினோரு சல்லடை சலித்தால் எந்தச் சுவர் தாங்கும்? ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. பத்தரைக்குச் சுதீர் சேட்டன் ஓடி வந்தார். நான் அவரிடம் பெரிதாகச் சத்தம் போட்டேன். இதெல்லாம் மனுஷத்தனமா, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரியாதா என்றெல்லாம் கேட்டேன். தெரு முழுக்கக் கேட்டது. கடைசியில் அரை மணிக்கு ஒரு இடைவேளை என்று ஒப்புக்கொண்டார்கள், பூட்டைக் கழற்றினார்கள். பாடகர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிப் பாடி முடித்தார்கள்.

"சாமி நமக்காக மொதலாளிகிட்டயே மல்லுக்கு நின்னாரு" என்று மாயம்மாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதை நான் மறுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து இசைத்தட்டு வெளிவந்தது. ஷங்கர் தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வந்து எங்கள் எல்லோரையும் ஸ்டூடியோவுக்குள் கூப்பிட்டான். சாயாவும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் வாங்கி வைத்திருந்தான். அந்த நாலாம் நாள் பாடினதைத்தான் தேர்ந்தெடுத்தார்களாம். நடுவில் கதவு தட்டுகிற சத்தம் விழுந்திருந்ததாம், வெட்டி எறிய வேண்டாம், சிறைக்குள் இன்னும் ஒருத்தன் அடைபட்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்று இசை நடத்தினவரே சொல்லிவிட்டாராம். ஒரு பத்திரிகை, அந்தத் தட்டலைக் கேட்டு உடம்பு சிலிர்த்தது என்று எழுதியிருக்கிறதாம். கட்டாயம் சிலிர்க்கும். சொகுசு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டால் எது வேண்டுமானாலும் சிலிர்க்கும்.

ஸ்பீக்கரில் போட்டான். ஆண்கள் மெதுவாகப் பாடினார்கள். விரல் நுனியால் இரண்டு தட்டு. உள்ளங்கை. பிறகு முஷ்டி, நாலு தரம். ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரித் தெளிவு. "சாமி" என்று கூப்பிட்டதை மட்டும் வழித்து எடுத்திருந்தார்கள். அவள் தட்டினது வேண்டியிருந்தது, அவள் குரல் வேண்டியிருக்கவில்லை.

மாயம்மாள் சாயா கிளாஸைக் கையில் பிடித்தபடி ஷங்கரிடம் கேட்டாள்.

"மைக்கு எங்க வெச்சிருந்தீங்க சேட்டா?"

"அதோ, அந்த மூலையில. அந்தக் கதவுலேர்ந்து நாப்பதடி இருக்கும். என்ன கிளியராக் கேக்கறது பாத்தியோ!"

அவள் அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்க ஸ்டூலு கதவ ஒட்டித்தானே சாமி கெடந்துச்சு?"

"ஆமா" என்றேன்.

"அப்ப கேட்டிருக்கு" என்றாள். சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.