சுண்ணாம்பு குறைத்த கலயம்

ஒரு பனையேறியின் பிழைப்பை நான் கெடுத்தேன். அவரோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. இரண்டு கலயம் பதநீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வாங்கப் போகாமல் இருந்தேன். கெடுப்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. எப்படி என்று சொல்வதற்கு முன்னால் அன்றைய கள் வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் தாய்மாமா தேனியைச் சுற்றியிருந்த சில கள்ளுக்கடைகளை வருஷா வருஷம் ஏலத்தில் எடுத்து நடத்தினார். மதுரையில் இண்டர்மீடியட் வரை படித்துவிட்டு வேலை கிடைக்காமல் திரும்பிய என்னைக் கடைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் குடிப்பதில்லை; அதனால் என் கைக்குக் கறை படாது என்று நினைத்திருந்தேன்.

நான் சேர்ந்த புதிதில் கடைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆற்றுப் பாசனத்தில் நெல் அறுப்பு நடக்கும் நாட்களில் வயலிலிருந்து நேராகக் கடைக்கு வருவார்கள். சந்தை நாளில் கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வரும் வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டியதும் முதலில் தேடுவது கள்ளைத்தான். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களுக்குக் கள் போதாது, சாராயம் வேண்டும். அவர்கள் குளிருக்குப் பழகியவர்கள்.

பிறகு மறியல் வந்தது. கதர் கட்டியவர்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் யாரையும் தடுக்கவில்லை. வருகிறவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கும்பிடு மாமாவை ஆட்டிவிட்டது. போலீஸ் வந்து அவர்களைக் கொண்டுபோன பிறகும் விற்பனை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

"படிச்சவன்தானே நீ, எதனால கொறையுதுன்னு பாத்துச் சொல்லு" என்றார் மாமா.

ரோட்டோரத்துப் புளிய மரத்தடியில் நின்று பார்த்தேன். மொடாக் குடியர்கள் ஒருவர்கூடக் குறையவில்லை. அவர்கள் பின்வாசல் வழியாக வரப் பழகியிருந்தார்கள். வராமல் போனவர்கள் வேறு ஆட்கள். வெயிலுக்கு ஒரு மொந்தை குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போகிற வண்டிக்காரர்கள், களை எடுத்துவிட்டு வரும் கூலிக்காரர்கள். கடையின் வருமானம் அந்தக் கொஞ்சக் குடிக்காரர்களிடம்தான் இருந்தது என்பது அவர்கள் போன பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

அவர்களில் சிலர் புதிதாக வந்த டீக்கடைக்குப் போனார்கள். ஆனால் உச்சி வெயிலில் யார் டீ குடிப்பார்கள்? பெரும்பாலோர் போன இடம் எங்கள் கடையைத் தாண்டி ஒரு பனந்தோப்பு. அங்கே ஒரு பனையேறியும் அவர் மனைவியும் பதநீர் விற்றார்கள்.

அவர் முன்பு எங்கள் கடைக்குக் கள் இறக்கியவர்தான். மறியல் சமயத்தில் அவர் மனைவி, "நீரு எறக்குறதக் குடிச்சுப்புட்டு எவன் எவனோ வீட்ல போயி அடிக்கிறான். எனக்குச் சோறு எறங்கல" என்று சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து அவர் கலயத்துக்குள் சுண்ணாம்பு பூச ஆரம்பித்தார்.

கள்ளுக்கும் பதநீருக்கும் வித்தியாசம் அந்தச் சுண்ணாம்புதான். பூசாத கலயத்தில் விழும் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். பூசிய கலயத்தில் இனிப்பாகவே நிற்கும். கள்ளுக்கு மர வரி உண்டு, மரத்துக்கு நம்பர் உண்டு. பதநீருக்கு அதெல்லாம் இல்லை. ஆனால் கள் சாராய வரியைக் கவனிக்கும் ஆப்காரி இன்ஸ்பெக்டர் எந்த நேரம் வந்து கலயத்தைக் கவிழ்த்தாலும் உட்புறம் வெள்ளையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திருட்டுக் கள் என்று கேஸ்.

பார்த்ததை மாமாவிடம் சொன்னேன்.

"அவன் விட்டுப் போனானேன்னு நான் வருத்தப்படல. எனக்கு வர்ற ஆளையும்ல சேத்துக் கூட்டிட்டுப் போயிட்டான்" என்றார். பிறகு, "அவன் கலயம் எப்பவும் வெள்ளையாத்தான் இருக்குமாடா?" என்று கேட்டார்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை யோசித்தது நான். அதை மாமாவின் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை.

அன்று சாயங்காலம் தோப்புக்குப் போனேன். பனையேறி மாலை ஏற்றத்துக்காகக் கலயங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன்.

"சுண்ணாம்பு வாயை வேக வைக்குதேண்ணே. வீட்டுக்கு விருந்தாளுக வந்திருக்காக. இந்த நெடி அவுகளுக்கு ஆகாது. ரெண்டு கலயத்துல மட்டும் குறைச்சுப் பூசுங்க. காலைல வெள்ளன நானே வந்து வாங்கிக்கிறேன்."

அவர் தயங்கினார். "கொறச்சா வெயில் ஏறுறதுக்குள்ள நொரைச்சிரும் தம்பி."

"வெயில் ஏறுற வரைக்கும் யாரு வைக்கப் போறா?"

அவர் மனைவி சிரித்தார். "தம்பிக்கு வாய் வெந்துபோச்சாம்ல, பச்சப்பிள்ளை மாதிரில்ல வந்து கேக்குறாக. பூசிக் குடுங்க, போகட்டும்."

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

மறுநாள் காலையில் நான் போகவில்லை. இன்ஸ்பெக்டருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தேன். பனையேறி அந்த இரண்டு கலயத்தையும் வேறு யாருக்காவது விற்றிருக்கலாம், கீழே ஊற்றியிருக்கலாம். ஆனால் கேட்டு வந்தவர்களிடம், "அது சொன்ன சரக்கு, அவுக வந்துருவாக" என்று சொல்லி எனக்காக நிழலில் மூடி வைத்திருந்தாராம். வெயில் ஏறியது. நுரை பொங்கியது. இன்ஸ்பெக்டர் மூடியை எடுத்தபோது தோப்பெல்லாம் கள் வாசனை.

கலயங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் கடை வழியாகத்தான் போனார்கள். பனையேறி வண்டிக்குப் பின்னால் நடந்து போனார். என் பக்கம் திரும்பவில்லை. பெரியகுளம் கோர்ட்டில் அபராதம் விதித்தார்கள். இனிப் பதநீரும் இறக்கக் கூடாது என்று ஆப்காரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். தோப்புக்காரர் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்தார். மாமா, "பழையபடி நம்ம கடைக்கே எறக்கச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார். பனையேறி வரவில்லை. புருஷனும் மனைவியுமாகப் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக் கூலிக்குப் போய்விட்டார்கள். கொஞ்சக் குடிக்காரர்களில் பாதிப் பேர் எங்கள் கடைக்குத் திரும்பினார்கள். மாமா எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டேன்.

யுத்தம் வந்தது, முடிந்தது. மதுவிலக்கு எங்கள் பக்கமும் வந்து கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். எனக்குப் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் வேலை. சரக்குப் பார்க்க மலைக்குப் போவேன். பனையேறி இருந்த தோட்டம் எது என்று எனக்குத் தெரியும். அந்த வழியாகப் பலமுறை போயும் நிற்காமல் வந்தேன்.

கீழே ஊர்ப்பக்கம் பதநீர் இறக்கப் புதிதாக அனுமதி தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் நின்றேன். இருவரும் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் இருந்தார்கள். மலைக் காய்ச்சல் பனையேறியை இளைக்க வைத்திருந்தது. நான் செய்ததைச் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார். "அந்தச் சீசன்ல கொறச்சுப் பூசச் சொன்னது நீங்க ஒரு ஆளுதான்."

அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கவில்லை. "எங்க மேல உங்களுக்கு என்ன தம்பி கோவம்?" என்று கேட்டார்.

கோபம் என்று ஏதாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "கோபமில்லக்கா. கடைல விற்பனை குறைஞ்சது" என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் பதநீர் அனுமதி தரும் ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்தவர் புதியவர். "பழைய கேஸ், யாருக்கு ஞாபகம் இருக்கு? ஆனா தண்டனை பட்டவருக்கு அனுமதி தரணும்னா யாராவது பொறுப்பு ஏத்துக்கணும். அவரு கலயத்துல சுண்ணாம்பு இல்லைன்னா பொறுப்பேத்த ஆளு மேலயும் கேஸ் வரும்" என்றார். நான் ஏற்றுக்கொண்டேன். தோப்புக்காரரிடமும் பேசி மரங்களைத் திரும்ப வாங்கினேன். அவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள்.

ஆனால் நான் திருப்பிக் கொடுத்தது மரங்களைத்தான். குடிக்கிறவர்களை என்னால் திருப்பித் தர முடியவில்லை. எங்கள் பழைய கள்ளுக்கடை டீக்கடையாகியிருந்தது. வண்டிக்காரர்கள் உச்சி வெயிலிலும் டீ குடித்தார்கள். மொடாக் குடியர்கள் மலையடிவாரத்தில் திருட்டுச் சாராயத்தைத் தேடிப் போனார்கள். பதநீருக்கு வந்தவர்கள் சொற்பம். மீதியை அவர் மனைவி காய்ச்சிக் கருப்பட்டியாக்கினார். அடுப்புப் புகையில் அவர் கண் எப்போதும் சிவந்திருக்கும். எனக்கு அவர் ஒருநாளும் தன் கையால் ஊற்றித் தரவில்லை.

ஊற்றியது அவர் புருஷன்தான். நான் போகும்போதெல்லாம் ஒரு காரியம் செய்வார். பதநீரை வேறு பானையில் வடித்துவிட்டு, காலிக் கலயத்தை வெயிலுக்குக் கொண்டுபோய் வாய்ப்புறத்தை என் பக்கம் சாய்த்துக் காட்டுவார். உள்ளே தடிப்பாக, வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு இருக்கும்.

"பாத்துக்கங்க தம்பி. பொறுப்பேத்தவுக நீங்க" என்பார்.

வேறு யாருக்கும் அவர் அப்படிக் காட்டி நான் பார்த்ததில்லை. நான் குனிந்து பார்ப்பேன். பார்த்தேன் என்று சொன்ன பிறகுதான் பட்டையில் ஊற்றுவார். அவர் மரம் ஏறிய காலம் முழுவதும் இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு தடவையும் வாய் வெந்தது. குறைத்துப் பூசச் சொல்லி நான் கேட்கவில்லை.