தொற்றும் என்று சொன்ன கடிதம்

பதினான்கு வருடம் சுவீடனில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த புதிதில், வேறு வீடு கிடைக்கும்வரை பார்க்கிங் என்ற பகுதியில் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். தம்பி மனைவி பிள்ளை பெற்று மூன்று கிழமை. எனக்கு முழங்கைகளிலும் விரல் மூட்டுகளிலும் சொரியாசிஸ். குளிர் தொடங்கினால் தோல் சிவந்து செதில் செதிலாக உதிரும். முழுக்கைச் சட்டையை விரல்வரை இழுத்துவிட்டு மறைத்துவந்தேன்.

ஒரு மத்தியானம் பிள்ளையைக் குளிப்பாட்டச் சட்டைக்கையை மடித்தபோது தம்பி மனைவி பார்த்துவிட்டாள். பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"இது ஒட்டாதம்மா. டொக்டரின்ர கடிதமே இருக்கு" என்று சுவீடன் கடிதத்தைக் கொடுத்தேன்.

நாலாக மடித்திருந்த தாளைப் பாதி விரித்தபடியே போனில் பிடித்து மொழிபெயர்த்தாள். முகம் மாறியது.

"அக்கா, இதில தொற்றும் எண்டெல்லோ கிடக்கு!"

எட்டிப் பார்த்தேன். விரித்த பாதியில் தெரிந்த முதல் சுவீடிஷ் சொல் 'ஸ்மித்சம்'. தொற்றக்கூடியது என்றுதான் அர்த்தம். அதை இல்லையென்று ஆக்கும் 'இன்தெ' மேல்வரியின் கடைசியில், மடிப்புக்குள் போயிருந்தது.

"அதுக்கு முன்னால ஒரு சொல் இருக்கு. தொற்றாது எண்டுதான் எழுதியிருக்கு."

"உங்களுக்கு மட்டும்தானே அந்தப் பாஷை தெரியும்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுவீடனில் எத்தனையோ தமிழருக்கு ஆஸ்பத்திரிகளில் இதே சொல்லை மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். அம்மை என்றால் ஸ்மித்சம். ஒருவர் சிரித்து மற்றவர்களும் சிரித்தால், அந்தத் தொற்றுகிற சிரிப்பைப் பெரும்பாலும் 'ஸ்மித்தந்தெ' என்பார்கள். யாரும் என்னைச் சந்தேகித்ததில்லை. இப்போது உள்ளே பிள்ளை வீரிட்டழ, வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஷிப்ட் முடிந்து வந்த தம்பி கடிதத்தை மேசையில் முழுதாக விரித்துப் படமெடுத்தான். போனில் வந்த மொழிபெயர்ப்பைக் கதவடியில் நின்று சத்தமாக வாசித்தான். "இந்த நோய் தொற்றாது."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

"ஏனக்கா முதலே சொல்லேல்லை? ஒளிச்சு வைச்சா நான் என்னத்தை நினைக்கிறது?"

"பிள்ளையைத் தரமாட்டாய் எண்டு பயந்திட்டன்."

அவள் கண் கலங்கியது. பிள்ளையை என் கையில் வைத்தாள். ஆனால் பக்கத்திலேயே நின்றாள். பார்வை என் விரல்களைவிட்டு அகலவில்லை. அந்தக் கிழமை முழுக்க அப்படித்தான். அடுத்த கிழமை ஒருநாள், "கடைக்குப் போட்டு வாறன், பாத்துக்கொள்ளுங்கோ" என்று பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.