மலைமரத்துக்குக் கட்டிய செருப்பு

பேய், காத்துகருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பண்ருட்டியை ஒட்டிய அண்ணாகிராமம் பக்கத்தில் நாற்றங்கால் வைத்திருக்கிறேன், முந்திரியும் பலாவும் ஒட்டுக் கட்டி விற்கிற பிழைப்பு, கண்ணால் பார்க்காத எதையும் நம்பிப் பழக்கமில்லை. அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. சிரித்துவிட்டு முழுசாகக் கேளுங்கள்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற சாந்தி மேடம் ஒருநாள் ஈரத்துணியில் சுற்றிய குச்சிகளோடு வந்தார். மேற்கு மலையில் நிரம்பாலி என்று ஒரு மரமாம். ஊசியிலை மரக் குடும்பம், ஆனால் ஊசியே கிடையாது, இலை அகலமாக, நடுநரம்பு இல்லாமல் வழவழவென்று இருந்தது. நம் தென்னாட்டு மலைகளில் தானாக வளருகிற ஊசியிலை இனம் இது ஒன்றுதானாம். அவர் ஆராய்ச்சி செய்கிற சரிவில் எஸ்டேட்டுக்கும் பாதைக்கும் வெட்டியதுபோக ஒரே ஒரு மரம் மிச்சம், அதுவும் உள்ளே பொந்து விழுந்து நிற்கிறது, சாய்வதற்குள் ஒட்டு எடுத்தாக வேண்டும் என்றார்.

"ஒன்னே ஒன்னு புடிச்சாலும் போதும் சேகர். உங்க கைய நம்பித்தான் கொண்டாந்திருக்கேன்."

அவரோடு முருகையன் என்று ஒரு வனக்காவலரும் வந்திருந்தார். இது பெண் மரம், இதில் ஆண் மரம் தனியாக இருக்கும், ஆண் மரத்தின் மகரந்தம் படாவிட்டால் விதை சொத்தையாகிவிடும் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். ஆண் மரம் ஒன்றை மழைநாளில் வழிதவறிப் போனபோது ஒரேயொரு தடவை பார்த்திருக்கிறாராம். பிறகு எத்தனை தேடியும் அந்த வழி கிடைக்கவில்லை. "இதே செருப்புதான் போட்டிருந்தேன்" என்று காலைக் காட்டிச் சிரித்தார். கிளம்பும்போது பாருங்கள், அதன் வார் எங்கள் வாசலிலேயே அறுந்தது. இரண்டையும் கழற்றி வேலியோரம் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஜீப் ஏறினார்.

கட்டிய ஒட்டுகளில் ஒன்றுதான் பிழைத்தது, மற்றதெல்லாம் கருகிவிட்டது. அந்த மழைக்காலத்திலேயே தாய்மரம் விழுந்துவிட்டதாக மேடம் போன் செய்தார். அந்தச் சரிவின் மொத்த வம்சமும் என் நிழல்வலைக்குள் ஒரு தொட்டியில் நிற்கிறது என்றால் எப்படி இருக்கும்? நம் வெயில் அதற்கு ஆகாது. இலை கொஞ்சம் தொய்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி மலர் கேட்டே விட்டாள்: "என்னைய ஒருநாளாச்சும் இப்புடித் தொட்டுப் பார்த்திருக்கியா மாமா?"

முதிர்ந்த மரத்துக் குச்சி என்பதால் சின்னச் செடியிலேயே பிஞ்சு வந்தது. எல்லாம் சொத்தையாக உதிர்ந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், தொட்டியில் ஊன்றிய மூங்கிலில் தேய்ந்த துடைப்பமும் முருகையனின் ஒற்றைச் செருப்பும் தொங்குகின்றன. என் மச்சான் குமாரின் வேலை.

"காய்க்காத பலாவுக்கு நாம கட்டுறதுதான மாமா? ரோஷம் வந்து காய்க்கும் பாரு."

"குத்தம் அதும்மேல இல்லடா. அதுக்கு ஆம்பள மரம் இல்ல" என்று திட்டினேன். ஏனோ அவிழ்க்கவில்லை.

கத்திரி வெயில். உச்சிப்பொழுது. கரண்ட் இல்லை, தெளிப்பான் ஓடவில்லை. நிழல்வலைக்குள் நுழைந்ததும் குளிர்ந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், மழை நின்ற காட்டு வாசனை. செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் கருத்த மக்கு மண் அப்பியிருந்தது. எங்கள் ஊரில் நிலமெல்லாம் செம்மண். இன்னும் கிட்டே போனால் வாரோரம் ஏதோ நெளிந்தது. அட்டை. உயிருள்ள மலை அட்டை, பண்ருட்டி வெயிலில்! என் பிரமை என்று சொல்வீர்கள் என்றுதான் உடனே மலரைக் கூப்பிட்டேன், அவளும் பார்த்தாள், பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். செடியின் இலையெல்லாம் மஞ்சள்தூள் தூவியதுபோல் ஒரு தூசு.

அந்தத் தடவை பிஞ்சு உதிரவில்லை. பழுத்ததும் நாங்கள் முந்திரிக்கொட்டையைச் சோதிப்பதுபோல் விதைகளைத் தண்ணீரில் போட்டேன், சொத்தை என்றால் மிதக்கும், இவை மூழ்கின. மேடம் ஓடிவந்து ஒன்றை பிளேடால் அறுத்தார். உள்ளே பருப்பு நிறைந்திருந்தது.

"யாராச்சும் மகரந்தம் கொண்டாந்தாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். பிறகு செருப்பைத் திருப்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. குதிகால் பக்கம் அப்பளம்போலத் தேய்ந்திருந்தது. இதன் ஜோடி எங்கே என்றார். வேலியோரம் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். அது முருகையன் கழற்றிப் போட்டபோது இருந்த மாதிரியே தடிமனாக இருந்தது. தொங்குகிற செருப்பு எப்படித் தேயும்? மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்ப ஆண் மரம் எங்கியோ உசுரோட நிக்குது சேகர்" என்றார், கண் கலங்கி.

விதைகள் முளைத்தன. கன்றுகளை மேடமே மலைக்குக் கொண்டுபோய் நட்டுக் காவல் வைத்தார். முருகையனுக்கு இன்னும் அந்த வழி கிடைக்கவில்லை. அதன் பிறகும் ஒரு தடவை காய்த்தது. இப்போது செருப்பில் விரல் நுழைகிற ஓட்டை, எனக்கு அதுதான் பயம். வேலியோரம் கிடந்த ஜோடியையும் கட்டிப் பார்த்தேன், மாதக்கணக்கில் தொங்கியும் அதில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை.

போன வாரம் மேடம் வந்துபோன பிறகு பார்த்தால் அவருடைய செருப்பு எங்கள் வாசலில் கிடந்தது. போன் செய்தேன்.

"செருப்ப மறந்துட்டீங்க மேடம்."

"மறக்கல சேகர்" என்று வைத்துவிட்டார். படித்த மனுஷி, அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவர்.

நான் அதைக் கட்டவில்லை. யாருடைய காலில் கிடந்த பொருளையும் இனி எங்கேயும் அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. கொட்டகை மூலையில் ஜோடியாகத்தான் வைத்திருந்தேன். இன்று காலை கூட்டப் போன மலர் என்னைக் கூப்பிட்டாள். வலது செருப்பு காய்ந்து கிடந்தது. இடது செருப்பில் ஈரம், அடியில் கருத்த மண். மேடத்துக்கு இன்னும் சொல்லவில்லை.