மூன்று நாள் பட்டினி

தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்குக் குழாய் வழியாக எவ்வளவு சாப்பாடு இறங்கணும் என்று முடிவு செய்வது ஒரிசியாவின் வேலை. சுப்பீரியர் ஏரிக்கரை ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. அவள் தலை தெரிந்தாலே நர்சுகள், "வந்தாச்சு சோத்து போலீஸ்" என்று முணுமுணுப்பார்கள். அது காதில் விழுந்தால் இன்னும் அழுத்தி நடப்பாள்.

ரெய்னோ சாரெலா மர மில்லில் வேலை பார்த்தவர், வயது ஐம்பத்தெட்டு. நிமோனியா முற்றி இரண்டு வாரமாக வென்டிலேட்டரில் கிடந்தார். கழுத்தில் துளை போட்டு, மூச்சு விட அங்கே ஒரு குழாய் வைக்கலாம் என்று முடிவானது. ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்கணுமே, திங்கள் விடியற்காலை உணவு பம்பை நிறுத்தினார்கள். அன்றைக்குப் பார்த்து அவசர கேஸ் ஒன்று உள்ளே வர, இவரைத் தள்ளி வைத்தார்கள். சாயங்காலம் ஓடவிட்ட பம்பு, "நாளைக்கு முதல் கேஸ் இவர்தான்" என்று மறுபடி நின்றது. செவ்வாயும் அதே கூத்து, புதனும் அதே கூத்து. இதில் கெட்டவர் என்று யாரையும் சொல்ல முடியாது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். நடுவில் ஒரு மனுஷன் பட்டினி கிடந்தான், அவ்வளவுதான்.

சோத்து போலீஸ் எங்கே போனாள் என்கிறீர்களா? அங்கேயேதான் இருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் ரெய்னோவின் எடை ஐந்து கிலோ ஏறியிருந்ததைப் பார்த்து, பரவாயில்லை என்று மூன்று நாளும் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் ரெய்னோவின் மனைவி ஐலா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் பூசினாப்ல இருக்காரு பாருங்க. எல்லாம் உங்க சாப்பாடுதான்!"

ஒரிசியா போர்வையை விலக்கித் தொடையில் கட்டைவிரலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. உடம்பு முழுக்க நீர் கோத்திருந்தது. இன்னும் அழுத்தினால் சதையையே காணோம், எலும்புதான் தட்டுப்பட்டது. பம்பின் கணக்கைப் பார்த்தாள். எழுபத்திரண்டு மணி நேரத்தில் வெறும் பதினேழு மணி நேரம் ஓடியிருந்தது. மூச்சை இழுத்து விடுவதும் சதைதானே! அது போய்விட்டால் இவர் அந்த மெஷினை விட்டு எழுந்திருப்பது எப்படி?

நேரே சர்ஜன் ப்ரூயட்டிடம் போய் நின்றாள்.

"டாக்டர், ரெய்னோவுக்கு இன்னைக்கு எத்தனை மணிக்கு?"

"பார்க்கலாம், ஒரிசியா. மத்தியானம் தியேட்டர் காலியானா…"

"பார்க்கலாம் பார்க்கலாம்னுதான் மூணு நாளா அவர் வயித்துல அடிச்சிருக்கோம். நேரத்தைச் சொல்லுங்க. இல்லைன்னா இப்பவே பம்பை ஓட விடுறேன்."

"கத்தாதீங்க."

"நான் கத்தாம இருந்ததாலதான் டாக்டர் இவ்வளவும் ஆச்சு."

ப்ரூயட் தியேட்டருக்குப் போன் போட்டார். பத்தரை மணிக்கு ரெய்னோவைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியானமே பம்பு ஓடியது.

மெஷினைக் கழற்ற இன்னும் ஐந்து வாரம் பிடித்தது. கழற்றிவிட்டார்கள், அதுவே பெரிய புண்ணியம். விழுங்குகிற சோதனையிலும் தேறிய அன்றைக்கு ஐலா வீட்டிலிருந்து மீன் சூப்பைக் கடைந்து கெட்டியாக்கிக் கொண்டுவந்தாள். ரெய்னோ கரண்டியைப் பிடித்தார். மார்புவரைக்கும் தூக்க முடியாமல் கை விழுந்தது.

"என்னம்மா இது," என்றார் கிசுகிசுத்த குரலில், ஒரிசியாவைப் பார்த்து. "மரம் தூக்கின கை. கரண்டி கனக்குது."

நோய்தான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் அதுதான் உண்மையும்கூட. ஒரிசியாவுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"நோவு சதையைத் தின்னுடுச்சுங்க. நடுவுல மூணு நாள் நாங்களும் உங்களைப் பட்டினி போட்டோம். வீக்கத்தைப் பார்த்து எடை கூடுதுன்னு நான் நம்பிட்டேன். என் தப்பு அது."

ஐலாவின் முகம் வெளிறிவிட்டது. "நான் உங்களுக்கு நன்றி வேற சொன்னேனே," என்றாள்.

ரெய்னோ கரண்டியை ஒரிசியா பக்கம் நகர்த்தினார்.

"மூணு நாள் பாக்கியா? அப்ப நின்னுக்கிட்டிருக்கியே, உக்காந்து ஊட்டு."

இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சாப்பாடு போட்டவள், ஒருத்தர் வாயிலும் கரண்டி வைத்ததில்லை. உட்கார்ந்து சூப்பை அள்ளி, ஊதி, அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.